அத்தானுக்கு ஆறு காலிக் கட்டங்கள்

மூன்று வாரமாகப் பத்தியைக் காணோமே, ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் நன்றி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக இருந்தது வேறொருவருக்கு. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. மும்பையில், செம்பூரில் ஏறி, குர்லா போகிற லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் துடித்தது. நான் பொழுதுபோக்காக விளையாடும் யுத்த கேமிலிருந்து ஓர் அறிவிப்பு. ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் சொன்னால் இப்படி:

‘ஜெனரல் தங்கராஜ் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.’

வெளியே நல்ல வெயில். உள்ளே மூச்சுவிட இடமில்லாத கூட்டம். அதற்கு நடுவில் எனக்கு மட்டும் கையில் ரோமம் குத்திட்டு நின்றது.

தங்கராஜ் என் அத்தான். செல்வி அக்காவின் கணவர். தாராவியில் உயிரோடு இருக்கிறார். என் படையில் அந்தப் பெயரில் நான் யாரையும் வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன். ஏனென்றால் இந்தப் பெயர் விஷயத்தில் அத்தான் ஒரு விதி போட்டிருக்கிறார்.

செத்தவர்கள் பெயரை மட்டும்தான் வைக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்…

அத்தானுக்கு அறுபத்து மூன்று வயது. ஐரோலிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். ரிடையர் ஆன மறுவாரமே இந்த கேமில் விழுந்தார். விழும்போது என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு கோட்டை, கொஞ்சம் சிப்பாய்கள், அவர்களை நடத்திப் போகச் சில ஜெனரல்கள். பல பேர் சேர்ந்து ஒரு கூட்டணி. உங்கள் கோட்டைக்கு ஆபத்து என்றால் கூட்டணிக்காரர் தன் ஜெனரல்களைத் துணைக்கு அனுப்பலாம். எங்கள் கூட்டணியில் பாதி தாராவி. மீதி தேவ்நார், டோம்பிவிலி. தலைவி மட்டும் மாட்டுங்கா. கல்யாணி என்று பெயர், முப்பது வயது, ஐடி வேலை. அறுபது வயது ஆண்பிள்ளைகளை வாய்ஸ் மெசேஜிலேயே காய்ச்சி எடுத்துவிடுவாள்.

ஒவ்வொரு ஜெனரலுக்கும் ஆறு கட்டங்கள் உண்டு. ஆயுதம், தலைக்கவசம், மார்புக் கவசம், காலணி, மோதிரம், குதிரை. எந்தப் பொருளை யாருக்கு மாட்டுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம்மவர்கள் கல்யாண வீட்டை நினைத்தா சொன்னார்கள்? போர்க்களத்துக்கும் அதேதான். வில்வீரர்களின் தலைவனுக்கு இது, காலாட்படைத் தலைவனுக்கு அது என்று கல்யாணி ஓர் அட்டவணையே போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

அத்தான் அந்த அட்டவணையைச் சீண்டவே இல்லை. அவர் கணக்கு வேறு.

“உயிரோட இருக்கவன் பேரை வைக்கக்கூடாது மாப்ள. சண்டையில அடிபடுவான். செத்தவனுக்கு இனி என்னல அடி?” என்று சொல்லி, தன் ஜெனரல்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார்.

முதலில் என் சித்தப்பா தேவசகாயம். தாராவியில் தோல் பட்டறையில் ஆயுள் முழுக்கச் செருப்புக்கு அடித்தோல் வெட்டியவர். தான் மட்டும் வெறுங்காலோடு திரிந்தவர். அத்தான் அவருக்கு இருப்பதிலேயே உயர்ந்த காலணியை மாட்டினார்.

அடுத்து எஸ்தர் அத்தை. வாசலில் யாராவது சத்தமாகத் தும்மினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் சுபாவம். அவளுக்கு ஆளைவிட நீளமான வாள்.

பிறகு முருகேசன், அத்தானின் கம்பெனிச் சிநேகிதர். டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் வந்து சேராமலே போனவர். அவருக்குக் குதிரை.

“அவன் ஒரு நாளாவது உக்காந்து போகட்டும்ல” என்றார் அத்தான்.

அவ்வளவுதான், கல்யாணியின் குரல் வந்தது. “தங்கராஜ் அங்கிள், என்ன பண்ணி வெச்சிருக்கேள்? காலாட்படை ஜெனரலுக்கு எதுக்குக் குதிரை? அந்தக் கட்டத்துல போர்க்கொடி மாட்டலாம்னு சார்ட்ல தெளிவா போட்டிருக்கேனே… பாக்கலையா? க்யா யார்!”

அத்தான் நிதானமாகப் பதில் போட்டார். “பாத்தேம்மா. அதுல முருகேசனைப் பத்தி ஒண்ணும் போடலையே.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரித்து முடித்த பிறகு ஏதோ போல் இருந்தது. என் ஜெனரல்களுக்கு நான் பெயரே வைக்கவில்லை. கேம் கொடுத்த வாயில் நுழையாத பெயர்களையே விட்டுவிட்டேன். தைரியம் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

குர்லாவில் இறங்கி, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து கேமைத் திறந்தேன். என் ஜெனரல்கள் வரிசையில் கடைசியாக ஒருவர். கீழே பெயர், தங்கராஜ். ஆறு கட்டமும் காலி.

பொருள் எதுவும் மாட்டாத ஜெனரலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்சட்டையோடு, கை இரண்டையும் தொங்கவிட்டு, நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். அசைய மாட்டார். மார்பு மட்டும் மெல்ல ஏறும், இறங்கும். உயிர் இருக்கிறது என்று காட்டுவதற்காக அப்படி வரைந்திருக்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், மறுபடி ஏறுமா என்று இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். “உன் போனைக் கொஞ்சம் தா மாப்ள” என்று வாங்கி, ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து ஏதோ செய்தார்.

போக வேண்டிய வேலையை விட்டேன். நேராகத் தாராவி. அவர்கள் வீடு மாடியில். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அக்கா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அத்தான் தனியாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கிய?” என்று போனை நீட்டினேன்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. “பாத்துட்டியா? மாட்டிட்டியா?” என்றார்.

“என்னத்த மாட்ட? உங்க விதிப்படி இது செத்தவங்க பேருல்லா?”

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு ஃபைலை இழுத்தார். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்காவிடம் கேஸ் டிரபிள் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

“செய்துக்கிட வேண்டியதுதானே அத்தான்?”

“நான் செய்துக்கிடல மாப்ள. ஆறிலும் சாவு, நூறிலும் சாவு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “அதுவும் போக… தினமும் கூப்பிடுதாங்க.”

“யாரு?”

தன் போனை எடுத்துக் காட்டினார். அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. ‘ஜெனரல் தேவசகாயம் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.’ ‘ஜெனரல் எஸ்தர் உங்களை எதிர்பார்க்கிறார்.’ ‘ஜெனரல் முருகேசன் கேட்கிறார்: எப்போது வருவீர்கள்?’

பட்டப்பகல். கீழே சந்தில் யாரோ தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அத்தான், ரெண்டு நாள் கேமைத் திறக்கலன்னா எல்லாருக்கும் இப்படித்தான் வரும். இழுத்துப் பிடிக்கதுக்காக அனுப்புதான்.”

“அது எனக்குத் தெரியாதால? நான் மெஷினோட மாரடிச்சவன். ஆனா, பேரு சரியா வருதே மாப்ள.”

என் கையிலிருந்த போனைத் தட்டிக் காட்டினார்.

“என் படையில என் பேரை வச்சா நானே எனக்கு மாட்டிக்கிடணும். எவனாவது அப்படிப் போயிருக்கானா? பெட்டியில வைக்கும்போது அடுத்தவன்தானே சட்டை போட்டு விடுதான். அதான் உன் போன்ல வச்சேன். எனக்கு என்ன குறைஞ்சுதுன்னு நீ யோசி. யோசிச்சு, பாத்து மாட்டு. அக்காட்ட மூச்சு விடாத.”

இதுதான் நான் சுமந்த சுமை. அந்த கேமில் ஒரு விதி இருக்கிறது. ஆயுதக் கட்டம் காலியாக இருந்தால் ஜெனரல் கோட்டையைவிட்டு வெளியே போக முடியாது. நான் எதையும் மாட்டவில்லை. மாட்டாதவரை அத்தான் எங்கும் போக முடியாது… எனக்கே கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஒன்பது நாளும் நான் அந்த விதியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டரைக்கூட அவ்வளவு நம்பவில்லை.

கேமைத் திறப்பதையே விட்டேன். திறக்காததால் தினமும் பதினோரு மணிக்கு அறிவிப்பு வந்தது. தங்கராஜ் காத்திருக்கிறார். தங்கராஜ் காத்திருக்கிறார். அது வந்து அரை மணியில் அத்தானே கூப்பிடுவார்.

“மாட்டிட்டியா?”

“இல்ல அத்தான்.”

“சீக்கிரம்ல.”

ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அவர் எடுத்துக்கொண்ட மூச்சு நீண்டுகொண்டே போனது.

ஒன்பதாம் நாள் ரயிலில் அறிவிப்பைத் தள்ளிவிடப் போனவன் தவறித் திறந்துவிட்டேன். திரை நிறைய அந்த உருவம். மேலே ஒரு கேள்வி: ‘தங்கராஜுக்கு எல்லாப் பொருளையும் நாங்களே மாட்டிவிடட்டுமா?’ கீழே ஆம், இல்லை. ‘ஆம்’ என்பது மட்டும் பச்சையாக மின்னி மின்னி அடங்குகிறது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. என் கட்டைவிரல் பச்சைக்கு ஒரு நூல் மேலே போய் நின்றது. முன்னால் நின்றவர் தோளில் முட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘இல்லை’யை அழுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். ‘வைத்தியனிடமும் வக்கீலிடமும் மறைக்காதே’ என்பார்கள். இரண்டு பேரையும் விடுங்கள், முதலில் பெண்டாட்டியிடம் மறைக்கக் கூடாது. அத்தானுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். ஏணி ஏறிப் போய், அவர் முன்னாலேயே, அக்காவிடம் கட்டிலுக்கு அடியிலிருந்த ஃபைலையும் என் போனையும் கொடுத்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, போனில் நின்ற உருவத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“இவருக்கு என்ன குறைஞ்சுதோ அதை நீ மாட்டணும். அப்படித்தானே?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமாக்கா.”

அத்தான் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் என்ன குறை வச்சேன்? சோத்துலயா, துணியிலயா?”

“ஒரு குறையும் இல்லட்டி.”

“பொறவு எதுக்கு என் தம்பி மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்கான்? குறை இல்லன்னா கட்டம் காலியாத்தானே கெடக்கணும். கெடக்கட்டும். எந்திரிங்க, டாக்டருக்குப் போன் போடுவோம்.”

“ஆறிலும் சாவு, நூறிலும்…”

“ஆறுக்கும் நூறுக்கும் நடுவுல நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலையோ?”

அத்தான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “அவங்க கூப்பிடுதாங்கட்டி.”

“கூப்பிடட்டும். எங்க சித்தப்பா உசுரோட இருக்கையில எத்தனை தடவை கூப்பிட்டாரு? ஒரு தடவை போனியளா? இப்ப மட்டும் என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது!”

அத்தான் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். பிறகு சட்டையைத் தேடினார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். மோதிரம், கண்ணாடி, பல்செட், கழுத்துச் செயின்… எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்கா கையில் கொடுத்தார்கள். அத்தானின் போனை அணைத்து, கவரோடு அக்கா ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பேக்கை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

மணி ஒன்று முப்பத்தைந்து. என் போன் துடித்தது. ‘உங்கள் கோட்டை தாக்கப்படுகிறது!’

எனக்கு அப்போது எந்தக் கோட்டையும் வேண்டியிருக்கவில்லை. போனை அணைத்தேன்.

நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு, “ஹோ கயா. டீக் ஹை” என்றார். முடிந்தது, நன்றாக இருக்கிறார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

மூன்றாம் நாள், அத்தான் கண்விழித்துக் கஞ்சி கேட்ட பிறகு, கேமைத் திறந்தேன். கோட்டை சாம்பலாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். என் ஜெனரல்கள் எல்லோரும் தானியம் சேர்க்க எங்கோ போனவர்கள்; பத்து நாளாக நான் திருப்பிக் கூப்பிடவே இல்லை. கோட்டைக்குள் இருந்தது ஒரே ஆள், உள்சட்டையோடு நின்ற தங்கராஜ். மதில் விழுந்தால் உள்ளே இருப்பவர் போனது போனதுதான். திரும்பக் கிடைக்க மாட்டார்.

மதில் விழவில்லை.

போர் அறிக்கையைத் திறந்தேன். என்னைத் தாக்கியவன் எங்களைப்போல் நான்கு மடங்கு பெரியவன். எதிர்த்து நின்றவர்கள், துணைக்கு வந்தவர்கள்:

முருகேசன். படுகாயம்.
தேவசகாயம். படுகாயம்.
எஸ்தர். படுகாயம்.

அடியில் கடைசி வரி: தங்கராஜ். காயமில்லை.

அவர்கள் அத்தான் கோட்டையிலிருந்து புறப்பட்ட நேரம் பன்னிரண்டு நாற்பது என்று காட்டியது. பன்னிரண்டு நாற்பதுக்கு அத்தானின் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் போன் அக்கா மடியில், ஜிப்புக்குள், அணைந்து கிடந்தது.

கல்யாணிக்கு அனுப்பிக் கேட்டேன். “சாஃப்ட்வேர் பிழையா இருக்கும் அங்கிள். இந்த கேமோட டைமை நம்பவே முடியாது. காலம்பறயே அனுப்பியிருப்பார்” என்றாள். அக்காவும் அதைத்தான் சொன்னாள். “காலையில பாட்டுக் கேக்கணும்னு போனைக் கேட்டாரு, ரெண்டு நிமிஷம் குடுத்தேன்.” அத்தானைக் கேட்டால், “பாட்டுதான் கேட்டேன். நான் யாரையும் அனுப்பலையேல” என்கிறார். “மயக்க மருந்து குடுத்தா பாதி மறந்துரும்” என்று அக்கா முடித்துவிட்டாள். இருக்கலாம். இருக்கும். நான் சண்டைக்குப் போகவில்லை.

சாயந்திரம் கல்யாணியே மறுபடி கூப்பிட்டாள். “அங்கிள், அந்தப் பேரெல்லாம்… யாரு?”

சொன்னேன். காலணி, வாள், குதிரை எல்லாம் சொன்னேன்.

“அங்கிள், ஒண்ணு சொல்றேன்” என்றாள். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. “துணைப் படை எவ்ளோ வேகமா போகும்னு தீர்மானம் பண்றது முன்னாடி போற ஜெனரலோட குதிரைதான். எல்லாரும் தாக்குதல் தொடங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் வந்து சேர்ந்திருக்கா. என் சார்ட்படி முருகேசனுக்குக் கொடியை மாட்டியிருந்தா… வந்திருக்கவே மாட்டா.”

இப்போது அத்தான் சாதாரண வார்டில் இருக்கிறார். மூக்கில் குழாய் இல்லை. தையல் இழுக்கிறது என்று முனகிக்கொண்டே, கண்ணாடியை மாட்டி, போனைத் திறந்து, முதல் காரியமாக மூன்று பேரையும் கேமிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தார். ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேர சிகிச்சை. பக்கத்துப் படுக்கை மராட்டிப் பெரியவர், வார்டுக்கே காக்கா, அதாவது சித்தப்பா, எட்டிப் பார்த்து, “காய் ஜாலா?” என்ன ஆச்சு என்று கேட்டார்.

“அப்னா ஆத்மி லோக் ஹை காக்கா. மேரே லியே மார் காயா” என்றார் அத்தான். நம்ம ஆளுங்க, எனக்காக அடிவாங்கிட்டாங்க… காக்கா தலையாட்டினார். பிறகு, என்ன நினைத்தாரோ, காலியாக இருந்த மூலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அந்த வார்டில் நோயாளிகளைப் பார்க்க நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் அனுமதி — உயிரோடு இருப்பவர்களுக்கு.